தூளியும் கொசுவலையும்: ஆயக்குடியில் ஒரு ராத்திரி, இருநூறு வருஷக் காய்ச்சல்

பழைய நினைப்புக்குள்ள போறதை 'கொசுவத்தி சுத்துறது'ன்னு சொல்றது நம்ம பதிவர்களுக்குப் பழக்கம். இந்தத் தடவை நான் நிஜமாவே ஒரு கொசுவத்தியைக் கொளுத்தினேன். அது பாதி ராத்திரியில வேலைக்கு ஆகாமப் போனதுல இருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

ஆயக்குடி தெரியும்தானே? பழனியில இருந்து திண்டுக்கல் போற ரோட்டுல, பழனியைத் தாண்டினதும் வர்ற ஊர். பழைய ஆயக்குடி, புது ஆயக்குடின்னு ரெண்டு உண்டு. ஒரு காலத்துல பாளையப்பட்டு, அப்புறம் ஜமீன். இப்போ கொய்யாச் சந்தைக்கும், போட்டித் தேர்வு எழுதுற பிள்ளைகளுக்கான மரத்தடி இலவசப் பயிற்சி மையத்துக்கும் பேர் போன ஊர். தெற்கே திரும்பினா கொடைக்கானல் மலை சுவர் மாதிரி நிக்கும். அந்த அடிவாரத்துல எங்க மாமாவுக்கு ஒரு கொய்யாத் தோப்பு இருக்குது.

பழம் பறிக்கிற சமயத்துல தோப்புக்கு ராத்திரி காவல் வேணும். வௌவால், காட்டுப்பன்னி, ரெண்டு கால் பிராணி, எல்லாம் வரும். "நானும் ஒரு ராத்திரி காவலுக்குப் படுக்கிறேன் மாமா"ன்னு போன வருஷம் ஐப்பசியில கிளம்பிட்டேன். என்கிட்ட ஒரு ஹம்மாக் இருந்துச்சு. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கவிட்டுப் படுக்கிற துணி. சிநேகிதர்களோட காட்டுக்குப் போய்த் தங்கணும்னு ஆசையா வாங்கி, ரொம்ப நாளா அலமாரியில தூங்கிட்டிருந்த சாமான். அதைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, "ஏன் மாப்ள, இந்த வயசுல உனக்குத் தூளியா?"

தூளிதான். மறுக்க முடியலை.

கொய்யா மரத்துல கட்டினா மரமும் நானும் சேர்ந்து சாய்ஞ்சிருப்போம். அதனால சாளைக்குப் பக்கத்துல இருந்த வேம்புக்கும் மாமரத்துக்கும் நடுவுல கட்டினேன். மேலே ஒரு கயிறு இழுத்து, அதுல கொசுவலையைத் தொங்கவிட்டு, ரெண்டு பக்கமும் நல்லா இறக்கிவிட்டேன். கீழே தரையில ஒரு கொசுவத்தி. பந்தோபஸ்து எல்லாம் பக்கா!

நடுராத்திரி ரெண்டு மணி இருக்கும். முதுகு, தொடை, பின்னங்கை எல்லாம் தீயா எரியுது. டார்ச் அடிச்சுப் பார்த்தா வலையில ஓட்டை இல்லை. உள்ளே ஒரு கொசு கூட இல்லை. வத்தி எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு, ஆனா மலைக்காத்து அதோட புகையை அப்படியே அள்ளிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போகுது. மேலே வலை, பக்கவாட்டுல வலை, அப்புறம் எப்படி?

காலையில யோசிச்சப்பதான் புரிஞ்சுது. கடிச்சதெல்லாம் அடியில இருந்து. கட்டில்ல படுத்தா கீழே மெத்தையோ பாயோ இருக்கும். தூளியில என் உடம்பு எடைக்கு அந்த மெல்லிசுத் துணி இழுபட்டு, தோலோட ஒட்டிக்கிட்டு நிக்குது. கொசு அடியில வந்து உட்கார்ந்து, துணியோட சேர்த்து ஊசி போட்டுட்டுப் போயிருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த விஷயத்தை ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். எகிப்துல சதுப்பு நிலத்துல வாழ்ற ஜனங்க பகல்ல மீன் பிடிக்கிற வலையையே ராத்திரி படுக்கையைச் சுத்திக் கட்டிக்கிட்டுத் தூங்குவாங்களாம். துணியைப் போர்த்திப் படுத்தா கொசு துணியோட கடிச்சுடும், வலைக்குள்ள வர முயற்சிகூடப் பண்ணாதுன்னு காரணமும் சொல்றார். நான் இதைப் படிச்சிருந்தும் பிரயோஜனம் இல்லை. கடி வாங்கின அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே மாமாகிட்டப் போய்ச் சொன்னேன். சிரிப்பார்னு பார்த்தேன். சிரிக்கலை. "எங்க பெரியப்பன் இதே காட்டுலதான் பரண்ல காவலுக்குப் படுத்தாரு"ன்னு ஆரம்பிச்சார்.

சுதந்திரத்துக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி நடந்தது. அப்போ இங்கே கொய்யா இல்லை, சோளம். மாமாவோட பெரியப்பாவுக்கு அப்போ இருபது வயசுக்குள்ள. அறுப்பு முடியற வரைக்கும் பரண்லயே படுக்கை. கார்த்திகையில குளிர் சுரம் வந்திருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கி எடுக்கும், வேர்க்கும், விட்டுடும். மறுபடி வரும். முறைக்காய்ச்சல்னு சொல்வாங்களே, அதுதான். நாலாவது தடவை வந்தப்ப நினைவு தப்பிப்போச்சு. திரும்ப எந்திரிக்கலை. "மலைக்காத்து அடிச்சுப் போயிட்டாரு மாப்ள. அதான் உன்னையும் போர்த்திட்டுப் படுன்னு சொன்னேன்"னார். எங்க வீட்டுல எழுபது எண்பது வருஷமா இதுதான் கதை. மலைக்காத்து.

மாமாவைத் திருத்தலாம்னு வாயைத் திறந்தேன். ஆனா ஒண்ணு தோணுச்சு. இந்த 'மலைக்காத்து' எங்க வீட்டு மூடநம்பிக்கை மட்டும் இல்லையே? ஒரு காலத்துல சென்னை சர்க்கார், லண்டன் டாக்டர்கள் எல்லாருமே நம்பினது இதைத்தானே?

1809-ல இருந்து 1811 வரைக்கும் மூணு வருஷம் கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகள்ல ஒரு பெருங்காய்ச்சல் பரவுச்சு. திண்டுக்கல் சீமை 1792-லதான் திப்புகிட்ட இருந்து கம்பெனி கைக்கு வந்திருந்துச்சு. இருபது வருஷம்கூட முழுசா ஆகலை. சென்னை சர்க்கார் மூணு டாக்டர்களைக் கொண்ட ஒரு கமிட்டி போட்டுது. தலைவர் ஒயிட்லா ஐன்ஸ்லி. நம்ம நாட்டு மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பத்திப் பெரிய புஸ்தகம் எழுதினவர் இவர்தான். கூட ஸ்மித், கிறிஸ்டின்னு ரெண்டு பேர். அவங்க அறிக்கை 1816-ல லண்டன்ல புஸ்தகமாவே வந்துச்சு. அதோட தலைப்புலயே திண்டுக்கல் பேர் இருக்குது.

அந்தக் காலத்து வைத்திய சாஸ்திரப்படி காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காத்து. தேங்கின தண்ணி, அழுகின இலை தழை, அடர்ந்த காடு, இதுல இருந்தெல்லாம் ராத்திரியில விஷ ஆவி கிளம்புதுன்னு நம்பினாங்க. மலேரியாங்கிற பேரே இத்தாலிய மொழியில 'கெட்ட காத்து'தான். யோசிச்சுப் பாருங்க, எங்க பெரிய தாத்தாவைக் கொன்ன 'மலைக்காத்து'ம் 'மலேரியா'வும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை!

இந்த நம்பிக்கைதான் நம்ம கொடைக்கானலையும் உண்டாக்குச்சு. 1834-ல மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரங்க, கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தைப் பறிகொடுத்துட்டு, 1845-ல மலை மேல வீடு கட்டினாங்க. மேலே நல்ல காத்து, கீழே கெட்ட காத்து. பலன் கிடைச்சுது, காரணம்தான் வேற. அந்த உயரத்துக் குளிர்ல மலேரியாக் கிருமி கொசு உடம்புக்குள்ள வளர்றது கஷ்டம். அடிவாரம் அப்படி இல்லை. மலை ஓடையில முட்டை வைக்கிற அனாபிலிஸ் வகை ஒண்ணு, வயக்காட்டு வாய்க்கால்லயும் கிணத்துலயும் வைக்கிற வகை இன்னொண்ணு. ரெண்டுக்கும் அடிவாரம் மாமியார் வீடு.

உண்மை வெளிவந்தது 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்திராபாத்துல. ரொனால்டு ராஸ் அங்கே ராணுவ டாக்டர். ஹுசேன் கான்னு ஒரு மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள்ள படுக்க வெச்சு, உள்ளே கொசுவை விட்டார். கடிச்ச கொசு ஒண்ணுக்கு ஒரு அணா கூலி! உலகத்துல எல்லாரும் கொசு வெளியே இருக்கணும்னு வலை கட்டுவாங்க, இவர் உள்ளேயே இருக்கணும்னு கட்டினார். அந்தக் கொசுக்கள்ல ஒண்ணை அறுத்துப் பார்த்தப்ப வயித்துச் சுவர்ல மலேரியாக் கிருமி தெரிஞ்சுது. 1902-ல அவருக்கு நோபல் பரிசு.

சரி, கொசுதான் காரணம்னா வலை போதுமா? இதையும் சோதிச்சுப் பார்த்தாங்க. 1900-ல ரோம் நகரத்துக்குப் பக்கத்துல ஓஸ்டியாங்கிற இடத்துல, மலேரியாவுக்குப் பேர் போன சதுப்பு நிலத்துல, சாம்பன், லோ அப்படின்னு ரெண்டு டாக்டர்கள் கொசு புகாத குடிசை போட்டு மாசக்கணக்குல தங்கினாங்க. பகல்ல எங்கே வேணா சுத்துவாங்க. பொழுது சாய்றதுக்குள்ள உள்ளே போயிடுவாங்க, விடிஞ்சாத்தான் வெளியே வருவாங்க. கொய்னா மருந்து தொடவே இல்லை. ராத்திரிக் காத்து ஜன்னல் வலை வழியா தாராளமா உள்ளே வந்துச்சு. காய்ச்சல் மட்டும் வரலை. காத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லைன்னு இதோட முடிஞ்சுபோச்சு.

இதை மாமாகிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி: "அப்ப 1900-லயே தெரிஞ்சு போச்சு. எங்க பெரியப்பன் செத்தது அதுக்கு நாப்பது வருஷம் கழிச்சு. ஏன் மாப்ள அவருக்கு யாரும் சொல்லலை?"

என்கிட்டப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அதைத்தான் தேடிட்டு இருந்தேன். கிடைச்ச பதில் கொஞ்சம் கசப்பானது.

அவர் செத்தது உலக யுத்த சமயம். உலகத்துக்கு வேண்டிய கொய்னாவுல பெரும்பகுதி ஜாவாத் தீவுல இருந்து வந்துட்டிருந்துச்சு. 1942-ல ஜப்பான் அதைப் பிடிச்சிருச்சு. நம்ம நீலகிரியில 1860-கள்ல இருந்தே சின்கோனா தோட்டம் உண்டு, ஆனா அது தேசத்துக்கே காணுமா? மருந்து அவ்வளவு தட்டுப்பாடு. அதே வருஷங்கள்ல பசிபிக் தீவுக் காடுகள்ல சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அவங்க ராணுவம் ஒரு சாமான் கொடுத்துச்சு. ஜங்கிள் ஹம்மாக். படுக்கிறதுக்குத் தூளி, மேலே மழைக்கு ரப்பர் பூசின கூரை, கூரைக்கும் தூளிக்கும் நடுவுல நாலு பக்கமும் தைச்ச கொசுவலை, உள்ளே போய்வர ஜிப். யுத்தம் முடிஞ்ச கையோட, 1946-ல, தோல்ல பூசிக்கிற டீட்ங்கிற கொசு விரட்டியை உண்டாக்கினதும் அதே ராணுவத்துக்காகத்தான்.

ஒரே வருஷங்கள், ஒரே அனாபிலிஸ் ஜாதி. சிப்பாய்க்கு வலை வெச்ச தூளி. ஆயக்குடிப் பரண்ல காவலுக்குப் படுத்த பையனுக்கு ஒரு பழைய போர்வையும் நொச்சி இலைப் புகையும்.

தூளி ஒண்ணும் ராணுவம் கண்டுபிடிச்சது இல்லை. 1492-ல கொலம்பஸ் கரீபியன் தீவுகள்ல போய் இறங்கினப்ப அங்கே ஜனங்க அதுலதான் படுத்திருந்தாங்க. ஹம்மாக்ங்கிற வார்த்தையே அந்தத் தைனோ ஜனங்களோடது. தரையில ஊர்றது அண்டாது, ஈரம் ஏறாது. கொசுவுக்கு? கீழே நெருப்புப் போட்டுப் புகை மூட்டுறதுதான். நம்ம பரணுக்குக் கீழே போட்ட அதே புகை. அந்தப் புகையைச் சுருட்டிப் பெட்டியில அடைச்சவர் ஜப்பான்காரர் உயேயாமா எய்இச்சிரோ. பைரித்ரம் பூப்பொடியில முதல்ல 1890-ல குச்சியா செஞ்சார், சீக்கிரம் எரிஞ்சு போச்சு. சுருளாச் செய்யலாம்னு யோசனை சொன்னது அவர் மனைவி. 1902-ல சுருள் வத்தி கடைக்கு வந்துச்சு. மூடின ரூமுக்கு அது சரி. தோப்புல என்ன ஆச்சுன்னுதான் சொன்னேனே.

சுதந்திரத்துக்கு அப்புறமாவது? அப்போ வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவுன்னு ஒரு மதிப்பீடு. 1953-ல தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சாங்க, 1958-ல அதையே ஒழிப்புத் திட்டம் ஆக்கினாங்க. வீட்டுக்கு வீடு வந்து சுவர்ல டிடிடி அடிச்சதைப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க. பலன் நிஜமாவே பெரிசு. 1960-கள் நடுவுல நாடு முழுக்க வருஷத்துக்கு ஒரு லட்சம் கேஸ் அளவுக்குக் குறைஞ்சுது. அப்புறம் கொசுவுக்கு டிடிடி பழகிப்போச்சு, நமக்கும் அலட்சியம் வந்துச்சு. 1976-ல 64 லட்சத்துக்கு மேல ஏறிடுச்சு. அதுக்கப்புறம் மறுபடி பாடுபட்டுத்தான் இறக்கினாங்க.

ஆனா அந்த டிடிடி எங்கே அடிச்சாங்கன்னு கவனிங்க. சுவர்ல. ரத்தம் குடிச்ச கொசு கனம் தாங்காம பக்கத்துச் சுவர்ல போய் உட்காரும், அங்கேயே செத்துடும். இதான் கணக்கு. ரொம்ப நல்ல கணக்கு. ஆனா சுவரே இல்லாத இடத்துல படுக்கிறவனுக்கு? காவல்காரன், ஆடு கிடை போடுறவன், செங்கல் சூளைக்காரன், காட்டு வேலைக்குப் போறவன்? ஓஸ்டியாக் குடிசை, ஜன்னல் வலை, கொசுவத்தி, டிடிடி, இப்போ ப்ளக்ல மாட்டுற திரவம் வரைக்கும், கொசுவோட நடந்த சண்டை பெரும்பாலும் நாலு சுவத்துக்குள்ளதான் நடந்திருக்கு. வெளியே படுக்கிறவன் கணக்குல அவ்வளவா வரலை. மாமா கேட்ட கேள்விக்கு இதுதான் எனக்குக் கிடைச்ச பதில்.

அந்த ஆளுக்காகவும் யோசிச்சவங்க இருக்காங்க. வியட்நாம்ல நின் துவான் மாகாணத்துல, காட்டுல தங்கி வேலை செய்யற மலைவாழ் ஜனங்களுக்கு 2004-ல இருந்து, நாள்பட நிக்கிற பூச்சிமருந்து ஏத்தின வலையோட தூளி கொடுத்துப் பார்த்தாங்க. மலேரியா குறைஞ்சுதுன்னு ஆராய்ச்சிக் கட்டுரை 2009-ல வந்துச்சு. அறுபது வருஷம் லேட்டா, சிப்பாய்க்குக் கிடைச்சது கூலிக்காரனுக்கும் கிடைச்சிருக்கு.

அடுத்த மாசமே மறுபடி ஆயக்குடிக்குப் போனேன். இந்தத் தடவை தோத்துட்டு வரக்கூடாது இல்லையா? நான் செஞ்சதை அப்படியே எழுதறேன், வெளியே தங்கற ஆசை இருக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல அடிப்பக்கம். அத்தை பழைய கனமான ஜமுக்காளம் ஒண்ணைத் தூளிக்குக் கீழே ரெண்டாவது அடுக்கா மெஷின்ல தைச்சுக் கொடுத்தாங்க. கொசு ஊசி அவ்வளவு கனத்தைத் தாண்டாது. உள்ளே பாய் விரிச்சாலும் சரிதான், ஆனா புரண்டா நகர்ந்துடும்.

ரெண்டாவது வலை. கொசுவலைக்குப் பேர் போன கரூர் நமக்குப் பக்கத்துலதானே இருக்கு, அங்கே இருந்து வாங்கிட்டு வந்தேன். சதுர அங்குலத்துக்கு 156 கண் இருக்கிறது நல்ல அளவு, கொசுவும் நுழையாது, காத்தும் நிக்காது. தூளிக்கு மேலே ஒரு அடி தள்ளிக் கயிறு கட்டி, வலையை அதுல போட்டு, தூளிக்கு அடியிலயும் சுத்திக் கொண்டு வந்து பை மாதிரி மூடித் தைச்சாச்சு. ரெண்டு முனையையும் தூளிக் கயித்தோட சுருக்குப் போட்டுக் கட்டிடணும். வலை உடம்புல படக்கூடாது, பட்டா அது வழியாவே கடிக்கும்.

மூணாவது, நேரமும் இடமும். அனாபிலிஸ் கடிக்கிறது பொழுது சாஞ்சதுல இருந்து விடியற வரைக்கும். டெங்கு, சிக்குன்குனியா பரப்புற ஏடிஸ் பகல்லயே கடிக்கும், 2006-ல நம்ம ஊரையே நொண்ட வெச்சுதே, அதே ஆசாமி. அதனால மத்தியானம் சும்மா ஆடிக்கிட்டுப் படுத்தாலும் வலை வேணும். வாய்க்கால், தொட்டி ஓரமாக் கட்டாம காத்து வர்ற மேட்டுல கட்டுங்க. கொசு பறக்கிறதுல சோப்ளாங்கி, நல்ல காத்துல அதால நிதானமா வந்து உட்கார முடியாது. எந்தக் காத்து பெரிய தாத்தாவைக் கொன்னுச்சுன்னு நம்பினோமோ, அந்த மலைக்காத்துதான் நம்ம பக்கம் இருந்திருக்கு.

முழுக்கைச் சட்டை, கயித்துல எறும்பு ஏறாம இருக்க வேப்பெண்ணெய்த் துணி, இதெல்லாம் உபரி. அப்புறம் தென்னை மரத்துல கட்டாதீங்க. கொசு கடிச்சா தடவிக்கலாம், தேங்காய் விழுந்தா தடவ மண்டை இருக்காது.

அன்னைக்கு ராத்திரி ஒரு கடி இல்லை. வலைக்குள்ள படுத்துக்கிட்டு வெளியே அது பாடற பாட்டைக் கேட்கிறது தனி சுகம்தான். ஆனா தூக்கம் வரலை. பத்தடி தள்ளிக் கயித்துக் கட்டில்ல மாமாவோட காவக்காரர் படுத்திருந்தார். வருஷம் முழுக்க அங்கேதான் படுக்கிறார். தலையோட இழுத்து மூடின ஒரு போர்வை, கட்டிலுக்கு அடியில ஒரு மூட்டம். எண்பது வருஷத்துக்கு முன்னாடி பரண்ல இருந்த அதே ரெண்டு சாமான்.

விடிஞ்சதும், "அண்ணே, இன்னைக்கு நீங்க இதுல படுத்துப் பாருங்க"ன்னு சொல்லி, கட்டற விதத்தைக் காட்டிக் கொடுத்துட்டுத் தூளியை அங்கேயே விட்டுட்டு வந்தேன். "தொட்டிலாட்டம் ஆடுமேங்க தம்பி"ன்னு ரொம்ப வெட்கப்பட்டார்.

போன வாரம் மாமா போன் பண்ணார். "மாப்ள, பக்கத்துக் காட்டுக் காவக்காரனும் ஒரு தூளி கேக்கிறான். உங்க அத்தைகிட்ட ஜமுக்காளம் தீந்து போச்சு, வரும்போது கனமா ரெண்டு வாங்கிட்டு வா."

வாங்கி வெச்சிருக்கேன்.

டிஸ்கி: பெர்மெத்ரின் மருந்து ஏத்தின வலையோ துணியோ வாங்கறவங்க கவனிக்க. அந்த மருந்தை நீங்களா வாங்கி நனைச்சா, அது துணிக்குத்தான், தோலுக்கு இல்லை. ஈரமா இருக்கிறப்ப பூனைக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது, கிணத்தடியில அலசாதீங்க. வெளியே தங்கிட்டு வந்த அப்புறம் குளிர் சுரம் வந்தா மலைக்காத்துன்னு இருக்காம, உடனே ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க.